தெர்மாகோல் எரிமலையும் பூட்டிக் கிடக்கிற லேபும்

எங்க ஏரியா ஸ்டேஷனரி கடையில இப்போ எரிமலை கிடைக்குது. தெர்மாகோல் மலை, மேலே ஓட்டை, பக்கத்துல சமையல் சோடா பொட்டலம், வினிகர் பாட்டில், சிவப்பு கலர். எல்லாத்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில போட்டு தொங்க விட்டிருக்காங்க. அதுக்குப் பக்கத்துல ரெடிமேட் இதயம், ரெடிமேட் சூரியக் குடும்பம், ரெடிமேட் மழைநீர் சேகரிப்பு வீடு. "எந்த கிளாஸ் சார்?" னு கேட்டுட்டு அதுக்கேத்த மாதிரி எடுத்துக் குடுக்கறார் கடைக்காரர். அவருக்கு சிலபஸ் அத்துப்படி. நம்ம பிள்ளைங்க வாத்தியார்களை விட அவருக்குத்தான் "ஆக்டிவிட்டி" யெல்லாம் தெரிஞ்சிருக்கு :-)

இதுக்குப் பேர்தான் இன்னிக்கு "செய்து கற்றல்". அனுபவம் மூலமா படிப்பு. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா பைக்கை எடுத்துட்டு கடை கடையா அலையறார், அம்மா ஃபெவிகாலோட உட்கார்றாங்க, பிள்ளை தூங்கிடுது. திங்கட்கிழமை காலையில பிள்ளைக்கு ஏ ப்ளஸ். நியாயமா அந்த ஏ ப்ளஸை அம்மாவோட பயோடேட்டாவுல சேர்க்கணும்.

இதைப் பத்தி எழுதினா ரெண்டு பக்கத்துலேருந்தும் அடி விழும்னு தெரியும். ஒரு பக்கம், "சிலபஸே முடிக்க நேரமில்ல, இதுல நீ வேற" கோஷ்டி. இன்னொரு பக்கம், "கையால வேலை செய்யறதா? மறுபடியும் குலக்கல்வியா?" கோஷ்டி. ரெண்டாவது கோஷ்டி மேல எனக்கு மரியாதை உண்டு. அதனால அவங்களுக்குப் பதில் கடைசியில விலாவாரியா வரும். முதல்ல நம்ம லேபுக்குள்ள போவோம். சாவி கிடைச்சா.

*

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு 75 மார்க் எழுத்து, 25 மார்க் செய்முறை. பிளஸ் டூவுல முன்னாடி 200க்கு 150 எழுத்து, 50 செய்முறை. இப்போ 100க்கு 70 எழுத்து, 20 செய்முறை, 10 அக மதிப்பீடு. காகிதத்துல பார்த்தா நாமதான் இந்தியாவுக்கே வழிகாட்டி. அஞ்சுல ஒரு பங்கு மார்க்கை கைக்குக் கொடுத்திருக்கோம்ல?

நிஜத்துல என்ன நடக்குது? சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி, பிளஸ் டூ. அவளோட கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். அப்பா, என்ன அழகு! ஸ்கேல் வச்சு மார்ஜின், பென்சில்ல ப்யூரெட் படம், தலைப்புக்கு ஸ்கெட்ச் பேனா. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல், முதல் தடவை, ரெண்டாவது தடவை, ரெண்டும் ஒரு சொட்டு மாறாம ஒரே அளவு. "ஒத்த அளவீடு" ன்னு கீழே வேற எழுதியிருக்கு. "பெர்மாங்கனேட் விடும்போது அந்த இளஞ்சிவப்பு எப்படிம்மா வரும்? பட்டுனு வருமா, கொஞ்சம் கொஞ்சமா வருமா?" ன்னு கேட்டேன். "தெரியல சித்தப்பா, எங்களுக்கு இன்னும் லேப் ஆரம்பிக்கல"ன்னா. லேபே ஆரம்பிக்கல. ரெக்கார்டு முடிஞ்சுடுச்சு!

பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை ஒரு தடவை நிஜமா செஞ்சவன் அதை மறக்க மாட்டான். ஊதா நிறம் சொட்டு சொட்டா விழுந்து, விழுந்த இடத்துலயே காணாமப் போகும். குடுவையை ஆட்டிக்கிட்டே இருப்போம். கலரே வராது, வராது, வராது. ஒரே ஒரு சொட்டு, மொத்த திரவமும் லேசா ரோஸ் ஆகி அப்படியே நிக்கும். அந்த ஒரு சொட்டுக்குள்ள இருக்கு மொத்தப் பாடமும். குடுவையில இருந்த இரும்பு உப்பெல்லாம் வினைபுரிஞ்சு தீர்ந்த பிறகு விழுந்த முதல் உபரிச் சொட்டு அது. புத்தகத்துல இதை "முடிவு நிலை"ன்னு ரெண்டு வார்த்தையில போட்டுட்டுப் போயிடுவாங்க. இன்னொண்ணு, நிஜமா செஞ்சா ரெண்டு தடவையும் ஒரே அளவு அவ்வளவு சுலபமா வராது. கொஞ்சம் முன்னப்பின்ன வரும். ஏன் வந்துதுன்னு யோசிக்கிறதுதான் அறிவியல். நாம என்ன சொல்லித் தர்றோம்? வித்தியாசம் வந்தா ரப்பர் வச்சு அழி, எல்லாத்தையும் ஒண்ணாக்கு. பதினேழு வயசுல ஒரு பிள்ளைக்கு, பொய்க்கணக்கு எழுதி அதுல கையெழுத்து வாங்கறதுக்கு அரசாங்க அங்கீகாரத்தோட பயிற்சி. அப்புறம் பெரியவங்களானதும் அளவுப் புத்தகத்துல இல்லாத ரோட்டுக்கு கையெழுத்து போடறாங்கன்னு புலம்பறோம்.

பரீட்சை அன்னிக்கு என்ன நடக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். உப்புக் கண்டறிதலுக்கு எந்த உப்புன்னு காதோட காதா தகவல் வரும். எக்ஸ்டர்னலுக்கு டிபன் தடபுடலா நடக்கும். பசங்க உப்பை முகர்ந்து கூட பார்க்காம முழு அட்டவணையையும் எழுதிட்டு வெளிய வருவாங்க. இதுல வாத்தியார்களை மட்டும் திட்டி பிரயோஜனமில்ல. அறுபது பிள்ளைங்களுக்கு எத்தனை ப்யூரெட் இருக்கு? உடைஞ்சா யார் கணக்குல எழுதறது? லேப் உதவியாளர் இடம் காலியா கிடந்தா குடுவையை யார் கழுவறது? உடைஞ்சாத்தானே வம்பு, பூட்டியே வச்சுடு. பூட்டு மட்டும் உடையறதே இல்ல.

2017ல நீட் நம்ம தலையில வந்து இறங்கினதும் மிச்சமிருந்ததும் போச்சு. 180 கேள்வி, 720 மார்க், எல்லாமே கொள்குறி வகை. தவளையைத் தொட வேண்டாம், மைக்ரோஸ்கோப்புல ஒரு வெங்காயத் தோலைப் பார்க்க வேண்டாம், டாக்டராகப் போற பிள்ளை கையால எதையும் செய்யத் தெரியணும்னு ஒரு மார்க் கூட கிடையாது. லேப் பீரியடுல கோச்சிங் மெட்டீரியல் புரட்டற பள்ளிகள் உண்டு. பெற்றோரே அதைத்தான் விரும்பறாங்க.

*

சரி, செய்ய வச்சா மட்டும் போதுமா? போதாதுங்க. அதுல இன்னொரு கூத்து இருக்கு.

தட்டுல தண்ணி ஊத்தி, நடுவுல மெழுகுவத்தி ஏத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவுக்கற சோதனை ஞாபகம் இருக்கா? மெழுகுவத்தி அணையும், தண்ணி உள்ளே ஏறும். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்கு தண்ணீர் ஏறியது" ன்னு விளக்கம். எத்தனையோ வருஷமா எத்தனையோ வகுப்புல இதை இப்படித்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்காங்க.

ஒரு மெழுகுவத்திக்குப் பதிலா மூணு வச்சு அதே டம்ளரைக் கவுத்துப் பாருங்க. தண்ணி இன்னும் அதிகமா ஏறும். டம்ளர் அதேதான், உள்ளே இருக்கற ஆக்சிஜனும் அதேதான். அப்புறம் எப்படி? இன்னொண்ணையும் கவனிங்க. மெழுகுவத்தி எரியும்போது தண்ணி பெருசா ஏறாது. அணைஞ்ச பிறகுதான் சரசரன்னு ஏறும். டம்ளரைக் கவுத்த உடனே ஓரத்துல சில சமயம் குமிழி வெளியே போறதும் தெரியும். விஷயம் என்னன்னா, சூட்டுல விரிஞ்ச காத்து, அணைஞ்சதும் ஆறிச் சுருங்குது. அதுதான் முக்கியக் காரணம். ஆக்சிஜன் முழுசா தீர்றதுக்கு முன்னாடியே மெழுகுவத்தி அணைஞ்சுடுது. எரிஞ்ச ஆக்சிஜனுக்குப் பதிலா கார்பன் டை ஆக்சைடு வேற வந்து உட்காருது.

ஆக, கையால செஞ்சு, கண்ணால பார்த்து, தப்பைக் கத்துக்கிட்டோம். ஏன்? "மூணு வச்சா என்னாகும் சார்?" னு கேட்கற பையனுக்கு "அதிகப்பிரசங்கி, உட்காருடா" தான் பதில். எப்படி முடியணும்னு முன்னாடியே எழுதி வச்ச சோதனையை மேடையில நடிச்சுக் காட்டினா அதுக்குப் பேர் நாடகம்.

அதனாலதான் "அனுபவமே ஆசான்"னு யாராவது ஆரம்பிச்சா எனக்கு எரிச்சலா வரும். அனுபவம் பாட்டுக்கு தப்பையும் சொல்லிக் குடுக்கும். எங்க வீட்டுல இட்லி மாவு பொங்கறது கைராசின்னு ஒரு நம்பிக்கை. கரண்டியில கலக்கினா பொங்காதாம். நாலு கிண்ணத்துல ஒரே மாவை ஊத்தினோம். ஒண்ணு கையால கலக்கினது, ஒண்ணு கரண்டியால, ஒண்ணு உப்பு போடாம, ஒண்ணு ஃப்ரிட்ஜுக்குள்ள. காலையில எழுந்து பார்த்தா வெளியே வச்ச மூணும் பொங்கியிருக்கு, கரண்டி மாவு உட்பட. ஃப்ரிட்ஜ் மாவு வச்சது வச்சபடி இருக்கு. பொங்க வைக்கிறது பெரும்பாலும் லியூகோநாஸ்டாக் மாதிரியான பாக்டீரியா, அது உளுந்தோட சேர்ந்தே வருது, அதுக்கு வேண்டியது இதமான சூடுன்னு அப்புறம் படிச்சோம். ஸ்கூல்ல நொதித்தல்னாலே ஈஸ்ட், ரொட்டின்னு நெட்டுரு போட்டது ஞாபகம் வந்துது. இட்லி தின்கிற ஊர்ல! எங்கம்மா மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. "பொங்கிச்சு, சரி. ஆனா கரண்டி மாவு இட்லி மெத்துனு இல்ல" ன்னாங்க. அதுக்கு அடுத்த வாரம் தனியா சோதனை வைக்கணும் :-)

வீட்டுல நாலு கிண்ணம் இருந்தா போதும், இதுக்கு கிட்டும் வேண்டாம் கடையும் வேண்டாம். ஆனா நாலு கிண்ணத்துல எதை மாத்தணும், எதை மாத்தாம வைக்கணும்னு யாராவது கேள்வியைத் தூண்டணும். அதோட புத்தகமும் வேணும். கை மட்டும் இருந்தா கைராசியிலயே நின்னுருப்போம்.

*

"இதெல்லாம் பணக்கார ஸ்கூல்லதான் சார் முடியும்" ங்கறவங்களுக்கு ரெண்டு விஷயம்.

மாண்டிசோரின்னு போர்டு போடாத தெரு இப்போ சென்னையில இருக்கா? அந்த அம்மா 1907ல தன்னோட முதல் குழந்தைகள் இல்லத்தை ஆரம்பிச்சது ரோம் நகரத்துல சான் லொரென்சோங்கற ஏழைகள் குடியிருப்புல. வேலைக்குப் போற தாய் தகப்பன்மாரோட பிள்ளைங்களுக்காக. 1939ல நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. இன்னிக்கு அந்தப் பேர்ல மரக்கட்டையை எடுத்து அடுக்கறதுக்கு வருஷத்துக்கு லட்சத்துல ஃபீஸ்.

ரெண்டாவது, ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசத்துல 1972ல பதினாறு கிராமப்புறப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச அறிவியல் திட்டம். பிள்ளைங்க குழு குழுவா உட்கார்ந்து, உள்ளூர்ல கிடைக்கிற பொருளை வச்சு சோதனை செஞ்சு, அவங்களே முடிவுக்கு வரணும். பரீட்சையில புத்தகத்தைத் திறந்து வச்சுக்கலாம், செய்முறைக்குத் தனிப் பரீட்சை. அந்தப் பள்ளிக்கூடங்கள்ல ஏசி இல்ல, ஸ்மார்ட் போர்டு இல்ல. முப்பது வருஷத்துல ஆயிரம் பள்ளிகள் வரைக்கும் போச்சு. தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வச்சு வடிவியல் சொல்லிக் குடுக்கற அர்விந்த் குப்தாவுக்கு இங்கேதான் பொறி தட்டிச்சு. 2002ல மாநில அரசு ஒரு உத்தரவுல திட்டத்தை நிறுத்திடுச்சு.

நம்ம ஊர்லயும் நடந்தது. 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல், 2007 வாக்குல மாநிலம் முழுக்கப் போச்சு. ரிஷிவேலி பள்ளத்தாக்கோட கிராமப்புறப் பள்ளிகள்ல இருந்து எடுத்த முறை. ஏணிப்படி அட்டவணை, அட்டைகள், பிள்ளைங்க உயரத்துக்கு கரும்பலகை. டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கி பாயில உட்கார்ந்தாங்க. எனக்குப் பிடிச்சது அந்த ஒரு விஷயம்தான், அது சாதாரண விஷயம் இல்ல. குறைகளும் இருந்துது. மேலேயிருந்து வந்த உத்தரவா வந்ததால அட்டையை வரிசையா முடிக்கறதே சிலபஸ் ஆயிடுச்சு. டீச்சருக்கு சொந்தமா ஒரு அட்டை மாத்தற சுதந்திரம் இல்ல. ஆனா அதைவிடப் பெரிய குறை நம்ம பக்கம். மிடில் கிளாஸ் பிள்ளை ஒண்ணு கூட அந்தப் பாயில உட்காரல. "கார்ப்பரேஷன் ஸ்கூல்ல பாடமே நடத்தறதில்ல, அட்டை வச்சு விளையாடுதுங்க"ன்னு கிண்டல் பண்ணினவங்கதான், இப்போ அதே அட்டையை இங்கிலீஷ்ல அச்சடிச்சு ஆன்லைன்ல வித்தா ஆயிரக்கணக்குல குடுத்து வாங்கறாங்க.

*

இப்போ குலக்கல்வி.

1953ல ராஜாஜி கொண்டு வந்த திட்டம் என்ன? கிராமத்து ஆரம்பப் பள்ளியில தினம் மூணு மணி நேரம் மட்டும் படிப்பு. மிச்ச நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பார்த்துக் கத்துக்கணும். பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, காங்கிரஸுக்குள்ளயே எதிர்ப்பு. 1954ல ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து தூக்கிப் போட்டார். ரொம்ப நல்ல காரியம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. செருப்பு தைக்கிறவர் பிள்ளைக்கு செருப்பு, முடி வெட்டறவர் பிள்ளைக்கு கத்தரி, வேதம் படிக்கிறவர் பிள்ளைக்கு மட்டும் புத்தகம்னு பிறப்பை வச்சு நேரத்தைப் பிரிச்சுக் கொடுக்கறதை எந்தப் பேர்ல கொண்டு வந்தாலும் எதிர்க்கத்தான் வேணும். 2020 தேசியக் கல்விக் கொள்கையில, ஆறுலேருந்து எட்டாம் வகுப்புக்குள்ள பத்து நாள் புத்தகப்பை இல்லாம தச்சர், தோட்டக்காரர், குயவர்கிட்ட போய்க் கத்துக்கணும்னு வந்தப்போ நம்ம ஊர்ல சந்தேகம் கிளம்பினதும் நியாயம்தான். சூடு பட்ட பூனைங்க நாம.

ஆனா அந்த சந்தேகத்தை சாக்கா வச்சுக்கிட்டு, கை அழுக்காகற எல்லாமே கேவலம்னு ஒரு முடிவுக்கு வந்திருக்கோமே, அதுதான் என் சண்டை. குலக்கல்வியோட விஷம் கைத்தொழில்ல இல்ல. எந்தக் கை எந்த வேலையைத் தொடணும்னு பிறக்கும்போதே எழுதி வச்சதுல இருந்துது. "கை வேலை தாழ்ந்தது, மூளை வேலை உசந்தது"ங்கறதே அந்த சாதிக்கணக்குதானே? திட்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு கணக்கை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டா எப்படி?

எங்க வீட்டு மாடி வேலை நடந்தப்போ பார்த்தது. கொத்தனார் செவுருக்கு மூலை எடுக்கறார். ஒரு பக்கம் மூணு அடி, மறு பக்கம் நாலு அடி, கயிறுல குறி. குறுக்கே டேப்பைப் பிடிச்சா அஞ்சு அடி வரணும். வரலைன்னா மூலை கோணல். லீவுன்னு சாப்பாட்டுக் கேரியர் எடுத்துட்டு வந்த அவர் பொண்ணு, ஒன்பதாம் வகுப்பு, டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுது. "பித்தாகரஸ் படிச்சிருக்கியாம்மா?" ன்னேன். ஒரு மூச்சுல ஒப்பிச்சுது, செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் என்று ஆரம்பிச்சு. "இப்போ உங்கப்பா என்ன பண்ணிட்டிருக்கார்?" னு கேட்டேன். டேப்பைப் பார்த்துது, கயிறைப் பார்த்துது. ஒன்பது, பதினாறு, இருபத்தஞ்சுன்னு வாய்க்குள்ள முணுமுணுத்துட்டு, "அய்ய, இதா அது!" ன்னு சிரிச்சுது பாருங்க.

அவங்கப்பா உடனே, "நீ அந்தாண்ட போம்மா. படி. இல்லன்னா என்னை மாதிரி கல்லு சுமக்கணும்" ன்னார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் பட்ட வெயில் அவருக்குத்தான் தெரியும். என் கோபமெல்லாம், தனக்குத் தெரிஞ்சதுக்குப் பேர் கல்விதான்னு அவருக்கு ஒருத்தரும் சொல்லாம விட்டாங்களேங்கறதுலதான். அதே மனுஷன் ஒரு நீள டியூப்ல தண்ணி நிரப்பி, குமிழி இருக்கான்னு பார்த்து, ரெண்டு முனையையும் கட்டை விரலால மூடி எடுத்துட்டுப் போய் மாடி முழுக்க மட்டம் பார்க்கிறார். செங்கல்லை ஏன் தண்ணியில ஊற வைக்கணும்னா, "இல்லன்னா கலவையில உள்ள தண்ணிய அது குடிச்சிரும் சார்" ங்கறார். அங்கே நின்னுட்டிருந்த என் நண்பர், எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, "கட்டி முடிச்சு அப்புறமும் எதுக்குய்யா தண்ணி ஊத்தறே, சிமெண்ட் காய வேணாமா?" ன்னு கேட்டார். சிமெண்ட் காய்ஞ்சு இறுகறதில்ல, தண்ணியோட வினைபுரிஞ்சுதான் இறுகுது. முதல் ஒரு வாரம் ஈரமாவே வச்சிருக்கறது அதுக்குத்தான். பட்டம் வாங்கினவருக்குத் தெரியல, கல்லு சுமக்கறவருக்கு தண்ணி ஊத்தணும்னு தெரியுது, ஆனா ஏன்னு தெரியாது. ரெண்டு பேரையும் அரை மனுஷனா நிறுத்தி வச்சிருக்கு நம்ம படிப்பு.

அதனால எதிர்க்கறவங்களுக்கு என் பதில் இதுதான். கொத்தனார் பொண்ணை யாரும் கலவை போடக் கூப்பிட வேண்டாம். அவளுக்குக் கலவை தெரியும். அவளுக்கு வேண்டியது லேப் சாவி, ப்யூரெட், மைக்ரோஸ்கோப், முழு நாள் பள்ளிக்கூடம். கலவை போட வேண்டியது நம்ம பிள்ளைங்க. சைக்கிள் பஞ்சர் ஒட்டத் தெரியாத, ஃபியூஸ் போனா எலெக்ட்ரீஷியன் நம்பர் தேடற, சுடுதண்ணிக்கு மேல அடுப்பைத் தொடாத நம்ம வீட்டு ஏ ப்ளஸ் கண்ணுமணிங்க. ஆணுக்கு சமையல்கட்டு, பொண்ணுக்கு ஸ்பேனர், டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இழைப்புளி, ஐ.டி. வீட்டுப் பிள்ளைக்கு மண்வெட்டி, எல்லாருக்கும் எல்லாம், பரீட்சை மார்க்கோட. இதை எதிர்த்து முதல்ல யார் கொடி பிடிக்கறாங்கன்னு பாருங்க. குலக்கல்வி எதிர்ப்பாளர்களா இருக்க மாட்டாங்க, லட்சத்துல ஃபீஸ் கட்டறவங்களாத்தான் இருப்பாங்க.

நம்ம அப்பா தலைமுறையில பள்ளிக்கூடத்துல தக்ளி சுத்தினாங்க, நெசவு வாத்தியார்னு ஒருத்தர் இருந்தார். 1964-66 கோத்தாரி கமிஷன் பணி அனுபவம் வேணும்னு எழுதிச்சு. அதெல்லாம் மார்க் இல்லாத பீரியடா போய், பி.டி. பீரியட் மாதிரி கணக்கு வாத்தியார் கடன் வாங்கற பீரியடா ஆகி செத்துப் போச்சு. மார்க் இருக்கற செய்முறையில பொய், பொய் இல்லாத செய்முறைக்கு மார்க் இல்ல.

திட்டிட்டு மட்டும் போகக் கூடாதுல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்ததுலேருந்து அரசுப் பள்ளிகள்ல பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல பெரும்பான்மை பெற்றோர்தான். உங்க ஊர் மேல்நிலைப் பள்ளியில அடுத்த கூட்டம் எப்போன்னு விசாரிங்க. யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். ரெண்டே கேள்வி. போன மாசம் லேப் எத்தனை நாள் திறந்துது? உடைஞ்ச கண்ணாடிச் சாமானுக்கு யார் காசு குடுக்கறது? ரெண்டாவது கேள்விக்கு, "டீச்சர் தலையில கட்ட மாட்டோம், ஊர்ல வசூல் பண்ணிக்கறோம்" னு நாமளே பதில் சொல்லிட்டா பூட்டு பாதி திறந்த மாதிரி. தனியார் பள்ளியில போடறவங்க பேரண்ட்ஸ் மீட்டிங்ல இதையே கேளுங்க, ஃபீஸ் ரசீதுல "லேப் ஃபீஸ்" னு தனியா ஒரு வரி இருக்கான்னு பார்த்துட்டுப் போங்க.

பின்னூட்டத்துல "அருமை", "நல்ல பதிவு" எல்லாம் வேண்டாம் மக்களே. உங்க ஸ்கூல்ல லேப் சாவி யார்கிட்ட இருந்துது, அதைச் சொல்லுங்க.